நட்டவள் கைத் தண்ணீர்

கோவில்பதாகை
11.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஹேமநாதன் எழுதுவது. இங்கே நானும் பேபியும் கிஷோரும் சௌக்கியம். பேபிக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அருவங்காட்டுக் குளிர் உன் முட்டியை என்ன பாடுபடுத்துகிறது? காதுக்கு வாங்கிய மிஷினை மாட்டுகிறாயா, இல்லை இன்னும் அரிசி டப்பாவில்தான் வைத்திருக்கிறாயா? நீ போனில் பேசுகிறவளாக இருந்தால் இந்த வீட்டில் பேனா என்று ஒரு பொருளே இருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். கிஷோர் போன வருஷம் கார் வாங்கியது உனக்குத் தெரியும். வெள்ளைக் கார். நம் சுவரை ஒட்டித் தெருவில் விடுகிறான். போன ஆனி மாசம் முழுக்க மேலே நாவல்பழம் விழுந்து ஊதாக் கறை. தினமும் காலையில் அவன் துடைப்பதும் முனகுவதும் எனக்குப் பார்க்க முடியவில்லை. இப்போது தண்ணீர் லாரிக்காரன் இடித்துச் சைடு கண்ணாடியும் போய்விட்டது. "கார் வுட எடம் இல்லாத ஊட்ல நான் எதுக்குப்பா இருக்கணும்?" என்று கேட்கிறான். சென்னீர்குப்பத்தில் ஒரு பிளாட் பார்த்து வைத்திருக்கிறான்.

இஞ்சினியர் உதயகுமார் வந்து டேப் போட்டு அளந்தார். நாவல் மரம் போனால்தான் கார் ஷெட் வரும் என்கிறார். ஷெட்டுக்கு அனுமதி வாங்க வேண்டும். பட்டா நம் இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் உனக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுத்தில் கேட்கிறார்கள். மரத்துக்குத் தனி மனு, மரத்தின் போட்டோவோடு. தாளை இதில் வைத்திருக்கிறேன். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

நீ நட்ட மரம். அதை மறந்துவிட்டு எழுதவில்லை.

உன் தம்பி,
ஹேமநாதன்


அருவங்காடு
24.2.2024

தம்பி ஹேமுவுக்கு,

சுலோசனா அக்காவின் ஆசீர்வாதம். முட்டியும் இருக்கிறது, நானும் இருக்கிறேன், இரண்டு பேருக்கும்தான் ஒத்துப்போகவில்லை. மிஷின் அரிசி டப்பாவில்தான். அதை மாட்டினால் பக்கத்து வீட்டு மிக்சி மட்டும் கேட்கிறது. பேபியை மாத்திரையை விடாமல் போடச் சொல்.

மரத்தை வெட்டாதே என்று சொல்ல எனக்கு நியாயமில்லை. பழம் பொறுக்குவதும் இலை பெருக்குவதும் நீங்கள். பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும், அதற்கு மரம் போகத்தான் வேண்டும் என்றால் போகட்டும். இதை எழுதும்போது அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், அப்புறம் நீ கண்டுபிடித்ததாகச் சொல்லக் கூடாது.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் முதல் சம்பளம் வாங்கிய அன்று ஆவடி ஸ்டேஷன் வாசலில் நாவல்பழம் வாங்கிக்கொண்டு வந்தேன். நீ தின்றுவிட்டுக் கொட்டையை வாசலில் துப்பினாய். நான் காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். நட்டது அவ்வளவுதான். ஆனால் குழாயில் நாலு குடம் பிடித்தால் அதற்கு அரைக் குடம் என்று மூன்று வருஷம் ஊற்றியது நான்.

அதனால் ஒன்று கேட்கிறேன். மரம் வெட்டுகிற கன்னியப்பன் வீட்டு முறை உனக்குத் தெரியும். நட்டவர் கையால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, 'போய் வா' என்று சொன்ன பிறகுதான் அவன் அப்பா கோடாலியைத் தொடுவார். நட்டவர் செத்துப் போயிருந்தால் ரத்த சொந்தம் யாராவது ஊற்றலாம். நான் இன்னும் சாகவில்லையே! சித்திரையில் வருகிறேன். நானே தண்ணீர் ஊற்றிவிட்டுக் கையெழுத்தையும் அங்கேயே போட்டுத் தருகிறேன். அதுவரை மரத்தைத் தொடாதே.

அக்கா,
சுலோசனா


கோவில்பதாகை
10.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் முட்டிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

சித்திரைக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல் இருக்கிறது. இந்த 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போவதாகக் கிஷோர் சொல்லிவிட்டான். பேபி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரே பிள்ளை. அவன் போய்விட்டால் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து என்ன செய்வது?

கன்னியப்பனைப் பார்த்தேன். இப்போது மெஷின் ரம்பம் வைத்திருக்கிறான், இரண்டு ஆள் வைத்திருக்கிறான், ஆனால் முறை அதே முறை. "அக்கா கையால தண்ணி ஊத்தாம நான் மெஷினத் தொட மாட்டேண்ணா. எங்க நைனா சொல்லிக் குடுத்தது" என்றான். இந்தக் காலத்தில் இது என்ன என்று கேட்டுப் பார்த்தேன். "அப்ப வேற ஆள வச்சிக்க" என்றான். ஊரில் வேறு யாரும் கரண்ட் கம்பிக்கு நடுவே இருக்கும் மரத்தை வெட்டத் துணிய மாட்டார்கள் என்று அவனுக்கும் தெரியும்.

தயவுசெய்து தாளைத் தபாலில் அனுப்பு. கன்னியப்பனுக்கும் இரண்டு வரி எழுது. உன்னை இந்த வெயிலில் அலைக்கழிக்க எனக்கு மனசில்லை.

ஹேமநாதன்


கோவில்பதாகை
7.4.2024

அக்காவுக்கு,

நலமா? ஒரு மாசமாக உன் பதில் இல்லை. இங்கே நலம். கிஷோர் பிளாட் யோசனையை விட்டுவிட்டான்.

தாளுக்கு அவசரம் இல்லை. அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடு.

போன மாசம் 28ஆம் தேதி, வியாழக்கிழமை, உனக்கு உடம்புக்கு ஏதாவது வந்ததா? சும்மாதான் கேட்கிறேன்.

ஹேமு


கோவில்பதாகை
26.4.2024

அக்கா,

எப்படி இருக்கிறாய்? தபால்காரர் இரண்டு முறை வந்து கரண்ட் ஆபீஸ் கடிதத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். தினமும் உன் பெண் தாட்சாயிணியின் நம்பரைப் போனில் எடுக்கிறேன். அடிக்காமலே வைத்துவிடுகிறேன். தாய்மாமன் ஒரு போன் பண்ண இவ்வளவு யோசிப்பானா என்று பேபி திட்டுகிறாள். அவளுக்கு என்ன தெரியும், எடுத்ததும் அந்தப் பெண் அழுதுவிட்டால் நான் என்ன செய்வேன்?

ஒரு வரி போதும் அக்கா. என்னைத் திட்டியாவது எழுது.

ஹேமு


அருவங்காடு
6.5.2024

அன்புள்ள மாமாவுக்கு,

தாட்சாயிணியின் வணக்கம். அத்தையும் கிஷோரும் நலம்தானே? முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள்.

மார்ச் கடைசியில் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு முறிந்து, கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். மார்ச் முதல் வாரத்திலிருந்தே என் வீட்டில்தான் இருந்தாள். உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். "அவனுக்குச் சொன்னா அன்னிக்கே பஸ் ஏறிடுவான், லீவுக்குச் சம்பளம் போயிடும்" என்றாள். போன வாரம் இங்கே வந்து பார்த்தால் உங்கள் மூன்று கடிதமும் கதவு இடுக்கில் கிடந்தன. 'என் தம்பிக்கு மனசுக்குள் மணி அடித்திருக்கிறது பார்' என்று சொல்லி எல்லாருக்கும் அந்த 28ஆம் தேதி வரியைக் காட்டுகிறாள்.

இந்த மலையில் படிக்கட்டு ஏறி இறங்க முடியாது என்று டாக்டர் சொல்கிறார். எனக்கும் லீவு முடிந்துவிட்டது. அம்மாவை இரண்டு மாசம் உங்கள் வீட்டில் விடலாமா? நாவல் மரத்தடியில் கட்டில் போட்டால் போதுமாம்.

தாட்சாயிணி


கோவில்பதாகை
14.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இடுப்பு எப்படி இருக்கிறது? தாட்சாயிணியின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ இருக்கிறாய் என்ற சந்தோஷத்தில் பேபிக்கு முன்னாலேயே அழுதேன்.

நீ வருவதைப் பற்றி. நானே வந்து கூட்டிக்கொண்டு வர வேண்டியது. ஆனால் இங்கே கத்திரி வெயில் தாங்க முடியவில்லை. பாதாளச் சாக்கடைக்குத் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், நல்ல காலுள்ளவர்களே தடுக்கி விழுகிறார்கள். பாத்ரூமிலும் நீ பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. மழை விட்ட பிறகு, தை மாசி வாக்கில் பார்க்கலாம். நானே அங்கே வந்து ஒரு வாரம் இருக்கட்டுமா?

தப்பாக நினைக்காதே.

ஹேமநாதன்


அருவங்காடு
16.6.2024

தம்பிக்கு,

நான் சுகம். வாக்கர் வைத்து வாசல் வரை நடக்கிறேன். பேபியின் சர்க்கரை எப்படி?

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். வெயில் ஒரு காரணம், தெரு ஒரு காரணம், கம்பி ஒரு காரணம். ஒரு காரணம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன், ஹேமு. படுத்துக்கொண்டிருப்பவளைப் பார்த்துக்கொள்வது பாரம்தான். உனக்கும் ஷிப்ட், பேபிக்கும் உடம்பு முடியவில்லை. எனக்கு வருத்தம் இருக்கிறது, கோபம் இல்லை. தாட்சாயிணி இங்கேயே ஓர் ஆளை வைத்திருக்கிறாள்.

நான் வர முடியாததால் பிள்ளையின் காரியம் நிற்கக் கூடாது. தாளில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். கூட இன்னொரு சின்னச் சீட்டும் இருக்கிறது. அது கன்னியப்பனுக்கு இல்லை, மரத்துக்கு. எனக்குப் பதிலாக நீ குடத்தில் தண்ணீர் ஊற்றி, அந்தச் சீட்டை மரத்திடம் வாய்விட்டுப் படி. வெட்கப்படாதே. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படித்தால் போதும்.

ஆனி பிறந்துவிட்டது. வெட்டுவதற்கு முன்னால் ஒரு கை பழம் அனுப்பு. நசுங்கினாலும் பரவாயில்லை.

சுலோசனா

(சீட்டு)
நான் வந்து சொல்ல வேண்டியது. கால் ஒத்துழைக்கவில்லை. உன் நிழலில் என் தம்பியும் அவன் பிள்ளையும் வளர்ந்தார்கள். இப்போது அவர்களுக்கு இடம் வேண்டியிருக்கிறது. மனசு கோணாமல் போய் வா. எனக்கும் உனக்கும் ஒரு குறையும் இல்லை. — சுலோசனா


கோவில்பதாகை
30.6.2024

அக்கா,

நீ நலமாக இரு. நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் சீட்டைப் படிக்க மரம் இல்லை. மார்ச் 28ஆம் தேதியே வெட்டியாகிவிட்டது.

மறுநாள் கிஷோர் அட்வான்ஸ் கொடுக்க இருந்தான். காலையில் கன்னியப்பன் தெருவில் போனான். கூப்பிட்டேன். "அக்கா வராங்களா?" என்று கேட்டான். எனக்கு எங்கிருந்து அந்தப் பேச்சு வந்தது என்று இன்னும் தெரியவில்லை. "அக்கா போயிட்டாங்கடா கன்னியப்பா, பத்து நாளாச்சு. அங்கியே எல்லாம் முடிச்சிட்டாங்க" என்றேன்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்து அழுதான். நானும் அழுதேன். பொய்க்காகத்தான் அழ ஆரம்பித்தேன், ஆனால் அப்புறம் நிறுத்த முடியவில்லை. ரத்த சொந்தம் என்று என் கையில் குடத்தைக் கொடுத்தான். ஊற்றினேன். அவன் மரத்தின் மேல் கை வைத்து ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. மரம் பூவாய்ப் பூத்திருந்தது. சாயங்காலத்துக்குள் ஒன்றும் இல்லை. கூலியில் பாதிதான் வாங்கினான், "சாவு வுழுந்த ஊட்ல முழுசா வாங்கக்கூடாதுண்ணா" என்று.

அனுமதி வாங்கவில்லை, மனுவும் போடவில்லை. போட்டோ எடுக்கக்கூட நேரம் விடவில்லை. ஷெட்டும் இல்லை. மரம் இருந்த இடத்தில் கார் நிற்கிறது, அவ்வளவுதான்.

இத்தோடு முடிந்திருந்தால் எப்படியாவது உன் காலில் விழுந்திருப்பேன். கன்னியப்பன் தெருவெல்லாம் சொல்லிவிட்டான். பேபி வெளியூர் போயிருந்த நேரத்தில் கமலம் இட்லி அவித்துக்கொண்டு வந்துவிட்டாள். உன்னோடு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போன அதே கமலம்தான். "என்னாண்ட சொல்லாமலே போயிட்டாளே பாவி" என்று மாரில் அடித்துக்கொண்டாள். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று அவளே எடுத்து வைத்தாள். நான் அந்த இட்லியைத் தின்றேன் அக்கா. நாலு இட்லி. பிறகு தெருச் சங்கத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். கமலம் கொடுத்த போட்டோ. அதில் உனக்கு இருபது வயசு.

பேபி வந்து போஸ்டரைப் பார்த்துவிட்டு என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. கிஷோரிடம் நாங்கள் சொல்லவில்லை. அவன் காலையில் போய் இருட்டிய பிறகு வருகிறவன். போஸ்டர் ஒரே மழையில் கிழிந்துவிட்டது.

இப்போது புரிகிறதா, உன்னை ஏன் வராதே என்றேன் என்று? இந்தத் தெருவில் நீ செத்துவிட்டாய். நான் வாயால் சொன்னது பலித்து, நீ விழுந்துவிட்டாய். ஒரு மாசம் உன் பதில் வராதபோது நான் பட்டது எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

நேற்று ஆவடி மார்க்கெட்டில் கால் கிலோ நாவல்பழம் வாங்கி, நம் மரத்துப் பழம் என்று அனுப்பக் கொரியர் கடை வரைக்கும் போனேன். அட்ரஸைப் பாதி எழுதியதும் தாளைக் கிழித்துப் போட்டேன். திரும்பி வந்துவிட்டேன்.

நீ கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பி அனுப்புகிறேன். அதை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

ஹேமநாதன்


அருவங்காடு
13.7.2024

ஹேமுவுக்கு,

உயிரோடு இருக்கும் அக்கா எழுதுவது.

முதலில் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன். நான் விழுந்தது பங்குனி உத்திரத்துக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை. நீ என்னைக் கொன்றது வியாழக்கிழமை. நீ சொல்வதற்கு இரண்டு நாள் முன்பே ஈரச் சோப்பின் மேல் கால் வைத்துவிட்டேன். உன் நாக்குக்கு அவ்வளவு சக்தி இருந்தால் ஐ.டி.ஐ.யில் இரண்டு தடவை கோட்டை விட்டிருக்க மாட்டாய். அந்தப் பாரத்தை இறக்கி வை.

மற்றது உன்னுடையதுதான். அதை நான் இறக்க மாட்டேன்.

மரம் போனதற்கு ஒரு நாள் முழுக்க அழுதேன். பூவோடு வெட்டியிருக்கிறாய். 'அக்கா, அவசரம், வெட்டிவிட்டேன்' என்று அன்றைக்கே எழுதியிருந்தால் திட்டியிருப்பேன், ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். என்னைச் சாகடித்ததற்குக் கூடக் கோபம் வரவில்லை. கட்டில் போட இடம் கேட்டவளுக்கு வெயில், சாக்கடை என்று எழுதினாயே, அதற்கு வந்தது. நான் உனக்குப் பாரமாகிவிட்டேன் என்று ஒன்றரை மாசம் நினைத்துக்கொண்டு கிடந்தேன். அந்த ஒன்றரை மாசத்தை நீ திருப்பித் தர முடியாது.

கமலம் எனக்காக மாரில் அடித்துக்கொண்டாள் என்று படித்தபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. போன தடவை வந்தபோது சண்டை போட்டுவிட்டுப் போனாள் அவள்.

தாளை மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். போட்ட கையெழுத்தை நான் அழிக்க மாட்டேன், ஷெட் கட்டிக்கொள். ஆனால் அதற்கு முன்னால், இட்லி கொடுத்தவர்கள், போஸ்டர் ஒட்டியவர்கள், துக்கம் கேட்டவர்கள், ஒரு வீடு விடாமல் நீயே ஏறி இறங்கி நான் இருக்கிறேன் என்று சொல். பேபியை அனுப்பாதே. போனில் சொல்லாதே. முதலில் கன்னியப்பன் வீடு. அவன் யாரையும் கேட்காமல் ஒரு மரத்தை வெட்டியவன் இல்லை. அவனை அப்படி ஆக்கியவன் நீ.

சொல்லி முடித்துவிட்டு எழுது. அப்புறம் வருகிறேன்.

சுலோசனா


கோவில்பதாகை
4.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம் என்று இந்தத் தெருவுக்கே இப்போது தெரியும்.

பதினேழு வீடு. முதலில் கிஷோரிடம் சொன்னேன். "இன்னாப்பா இது, அத்தைய..." என்று ஆரம்பித்துவிட்டு முடிக்காமல் எழுந்து போய்விட்டான். சங்கத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்று சொன்னேன், இரண்டு பேர் சிரித்தார்கள், மற்றவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கமலம், "கட்டையில போறவனே, உக்காந்து நாலு இட்லி துன்னியேடா!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். பிறகு உள்ளே போய்ச் சாமிக்கு விளக்கேற்றிவிட்டு வந்து, "எப்ப வராளாம்?" என்று கேட்டாள்.

நீ முதலில் போகச் சொன்ன வீட்டுக்கு நான் கடைசியில்தான் போனேன். பயம். கன்னியப்பன் திட்டுவான், அடிப்பான் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவன் ஒன்றும் செய்யவில்லை. என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டான்.

"அன்னிக்கு மரத்தாண்ட இன்னா சொன்னேன் தெரியுமாண்ணா? 'உன்ன நட்ட கை போன எடத்துக்கே நீயும் போயிடு'ன்னு சொன்னேன். அக்கா இங்க கீறாங்கன்னா, அது எங்கண்ணா போயிருக்கும்?"

"போற எடம் தெரியாம அங்கியேதான் நின்னுகினு இருக்கும்" என்று அவனே சொன்னான். அவன் பெண்டாட்டிக்கு நம் தாட்சாயிணியின் வயசுதான் இருக்கும், என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றிலிருந்து அவன் மெஷினைத் தொடவில்லை. இரண்டு வேலையைத் திருப்பி அனுப்பிவிட்டான். "அக்கா வந்து ஊத்தட்டும். அதுக்கப்பறம் பார்த்துக்கலாம்" என்கிறான். இன்றோடு ஆறு நாள்.

நான் வீட்டுக்குத் திரும்பியபோது கிஷோர் காரை எடுத்துக்கொண்டிருந்தான். எங்கேயோ கிளம்புகிறான் என்று நினைத்தேன். பழையபடி சுவரை ஒட்டித் தெருவில் விட்டுவிட்டுச் சாவியை ஆணியில் மாட்டினான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. மரம் இருந்த இடம் காலியாக இருக்கிறது, நாங்கள் மூன்று பேரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறோம்.

தாள் அப்படியே இருக்கிறது. நீ வரும் வரை கொடுக்க மாட்டேன். பாத்ரூமில் கம்பி வைத்தாகிவிட்டது. தெருப் பள்ளத்தை மூடிவிட்டார்கள். வரும் ஞாயிறு நான் அங்கே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கன்னியப்பன் ஸ்டேஷனுக்கு வருகிறானாம், உன்னைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவானாம். என் பேச்சை இனி நம்புவதாக இல்லை என்றான்.

குடத்தைப் பேபி புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள். தண்ணீர் நான் பிடித்துத் தருகிறேன். சீட்டை நீயே படி. சீக்கிரம் கிளம்பு, அக்கா. நீ உயிரோடு இருக்கிறாய் என்று பதினேழு வீட்டில் சொல்லியிருக்கிறேன். வந்து அதை மெய்யாக்கு.

உன் தம்பி,
ஹேமு